பயப்படுவது விசுவாசக் குறைவா, ஐயா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

"ஐயா, வத்தளைப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் கூடும் சின்னச் சபை எங்களுடையது. முப்பது குடும்பங்கள் இருக்கிறோம், அதில் ஏழு சிங்களக் குடும்பங்கள். நான் சபையின் செயலாளர். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை இருபது பேரளவில் வாசலுக்கு வந்து, 'இங்கே மதம் மாற்றுகிறீர்கள், கூட்டத்தை நிறுத்துங்கள்' என்று சத்தம் போட்டார்கள். ஒரு பிக்குவும் அவர்களுடன் இருந்தார். அடுத்த வாரம் பொலிஸார் வந்து, சபைக்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் பயந்துபோயிருக்கிறார். இப்போது சபைக்குள்ளேயே மூன்று பிரிவு. கொஞ்சக் காலம் கூடாமல் சூமில் ஜெபிப்போம் என்கிறார்கள் சிலர். அடுத்த முறை வந்தால் பேஸ்புக்கில் நேரலை போடுவோம் என்கிறார்கள் பொடியன்மார். வேறு சிலர் சொல்லாமல் கொள்ளாமல் பெரிய சபைகளுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். சிங்களக் குடும்பங்களோ, எல்லாவற்றையும் தமிழிலேயே முடிவு செய்கிறீர்கள் என்று மனம் நொந்திருக்கிறார்கள். பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கின் ஃபாதரிடம் உதவி கேட்டோம். 'வீடு வீடாகப் போனால் இப்படித்தான் நடக்கும்' என்றார். ஞாயிறு காலை கேட் சத்தம் கேட்டாலே எனக்குக் கை நடுங்குகிறது. பயப்படுவது விசுவாசக் குறைவா? எங்களை எப்படி ஒன்றாக வைத்திருப்பது?"

அன்பான சகோதரி,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. கை நடுங்குவது விசுவாசக் குறைவல்ல. கொரிந்துவுக்குப் போன பவுல், தான் அங்கே "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" இருந்ததாக அந்தச் சபைக்கே எழுதினார். அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தில், மிரட்டலுக்குப் பிறகு எருசலேம் சபை ஒன்றாகக் கூடித் தைரியம் கேட்டு ஜெபிக்கிறது. கையில் இருப்பதை யாரும் கேட்பதில்லை. தைரியம் தங்களிடம் போதவில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. அதைத் தனித்தனியாக வீட்டுக்குள் இருந்து கேட்காமல், எல்லோரும் ஒரே சத்தமாய்க் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் நேரம் எடுக்கப் போகிறேன். பிலிப்பியர் நிருபத்தின் முதல் அதிகாரம் 27, 28ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். "ஒரே ஆவியிலே உறுதியாய் நின்று", "கூடப்போராடி", "எதிர்க்கிறவர்களால் ஒன்றிலும் மருளாதிருக்கிறீர்கள்" என்று வருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே 'பயப்படாமல்' என்று எழுதவில்லை, 'மருளாமல்' என்று எழுதினார்கள். மிகச் சரியான சொல். மூலத்தில் பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொல், குதிரை வெருண்டு துள்ளுவதைச் சொல்லப் பயன்பட்ட சொல். ஊரில் இரட்டை மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மாட்டுக்குப் பயம் வருவதால் வண்டி கவிழ்வதில்லை. ஒரு மாடு இடப் பக்கம் இழுக்க, மற்றது வலப் பக்கம் இழுக்கும்போதுதான் கவிழ்கிறது.

உங்கள் சபையில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். சூமில் ஜெபிப்போம் என்கிறவர்களைக் கோழைகள் என்று எண்ணாதீர்கள். நேரலை போடுவோம் என்கிற பிள்ளைகளையும் வீரர்கள் என்று எண்ண வேண்டாம். சத்தமில்லாமல் வேறு சபைக்குப் போனவர்கள் துரோகிகளும் இல்லை. மூன்று தரப்பாரும் அதே ஞாயிற்றுக்கிழமைக் கூச்சலில் வெருண்டவர்கள். ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள், அவ்வளவுதான். இதை நீங்கள் அவர்களுக்கு விளங்கப்படுத்தினால் பாதிக் கோபம் அடங்கும். 'நீ கோழை', 'நீ அவசரக்காரன்' என்ற பேச்சு ஓடும் வரைக்கும் எந்தக் கூட்டம் போட்டும் பிரயோசனமில்லை.

பிலிப்பி சபையின் கதையையும் ஒருமுறை மறுபடி வாசியுங்கள். உங்களுடையதைப் போலவே வீட்டுச் சபை, லீதியாள் என்ற வியாபாரப் பெண்ணின் வீட்டில் கூடியது. பவுல்மேலும் சீலாமேலும் அங்கே வந்த குற்றச்சாட்டு என்ன? நம் பட்டணத்தில் கலகம் பண்ணுகிறார்கள், நாம் ஏற்கத் தகாத முறைமைகளைப் போதிக்கிறார்கள் என்பதுதான். உங்கள் வாசலில் கேட்டதும் ஏறக்குறைய அதே வாசகம். இரண்டாயிரம் வருடமாக அது மாறவேயில்லை. அதனால் 'நாங்கள் என்ன பிழை செய்தோம், ஏன் எங்களுக்கு மட்டும்' என்று இரவில் விழித்திருந்து யோசிக்காதீர்கள்.

அதே நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள் வருகிறார்கள். இருவருக்கும் மனத்தாங்கல். ஏக சிந்தையாயிருங்கள் என்று பவுல் இருவரையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கெஞ்சுகிறார். அவர்களைப் பற்றிப் பேசும்போது, முதல் அதிகாரத்தில் 'கூடப்போராடி' என்று சொன்ன அதே கிரேக்கச் சொல்லைத் திரும்ப எடுக்கிறார். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருவது இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான். அதாவது, எதிர்ப்பின் நடுவில் தோளோடு தோள் நின்ற அதே இருவர்தான் இப்போது பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். இது எனக்குப் பெரிய ஆறுதல். சண்டை வந்துவிட்டது என்பதற்காக உங்கள் சபை உடைந்த சபையாகிவிடாது. ஒரே கருத்து உள்ளவர்களாய் எல்லோரும் மாறும்வரை நீங்கள் காத்திருக்கவும் தேவையில்லை.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். என் அபிப்பிராயம் இது: ஆராதனையை நிறுத்தாதீர்கள், நேரலையும் போடாதீர்கள். நிறுத்தினால், சத்தம் போட்டால் நிறுத்திவிடுவார்கள் என்று வந்தவர்கள் கற்றுக்கொள்வார்கள். இன்னொரு தெருவில் இன்னொரு சபைக்கு அது கஷ்டமாய் முடியும். நேரலையில் முகம் காட்டப்பட்ட எவரும் அதற்குப் பிறகு ஒரு அடி பின்வாங்க மாட்டார்கள். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கக்கூடிய அயலவரை நீங்களே நிரந்தர எதிராளி ஆக்கிவிடுவீர்கள். வீடியோ எடுக்கட்டும், ஒருவர் மட்டும், ஒரு ஓரத்தில் நின்று. அது பொலிஸுக்கும் சட்டத்தரணிக்கும் காட்டுவதற்கு. பொடியன்மாரின் துடிப்பை வீணாக்காமல் அந்த வேலையையே அவர்களிடம் கொடுங்கள். திகதி, நேரம், யார் என்ன சொன்னார், வாகன இலக்கம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதி வைப்பது அவர்களுடைய பொறுப்பாக இருக்கட்டும்.

ஆனால் இந்த முடிவை நீங்களும் போதகருமாக எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். இந்த வாரமே எல்லாக் குடும்பங்களையும் கூப்பிடுங்கள், போனவர்களையும் சேர்த்து. தமிழில் பேசும் ஒவ்வொன்றும் அங்கேயே சிங்களத்தில் சொல்லப்பட வேண்டும். சிங்களத்தில் பேசுவதும் அப்படியே தமிழில். நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி பிக்குவைப் பற்றியதோ பொலிஸைப் பற்றியதோ அல்ல, அந்த ஏழு குடும்பங்களைப் பற்றியதுதான். நம் நாட்டில் தமிழனும் சிங்களவனும் ஒரே அப்பத்தில் பங்குபெறும் இடங்கள் எத்தனை இருக்கின்றன? அந்த ஏழு குடும்பங்களும் தங்கள் சொந்தக்காரரிடமும் அயலவரிடமும் நம்மைவிட அதிகமாக ஏச்சு வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள். அவர்களுக்கு முடிவு மட்டும் கடைசியில் வந்து சேர்கிறது.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் ஆதிச் சபையிலும் இதே மொழிப் பிரச்சினைதான். கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு. அதற்குப் பொறுப்பாக ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தப் பெயர்களைப் பாருங்கள், ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன் என்று ஏழும் கிரேக்கப் பெயர்கள். ஆறுதல் வார்த்தையோடு நிறுத்தாமல் பொறுப்பையே தூக்கிக் கொடுத்தார்கள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வாசலில் யாராவது வந்தால் சபைக்காகப் பேசுவதற்கு இரண்டே பேரை நியமியுங்கள். ஒருவர் கட்டாயம் சிங்களச் சகோதரராகவோ சகோதரியாகவோ இருக்கட்டும். மற்றவர்கள் எல்லோரும் உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டு இருக்கட்டும். நீங்கள் அந்த இருவரில் ஒருவராக இருக்கத் தேவையில்லை, சகோதரி. நடுங்கும் கையோடு கேட்டுக்குப் போவதுதான் விசுவாசம் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல விடாதீர்கள்.

பொலிஸ் கேட்ட பதிவு விஷயத்துக்கு வருகிறேன். நான் சட்டத்தரணி அல்ல, ஆனால் இத்தனை வருட ஊழியத்தில் இதைக் கொஞ்சம் படிக்க வேண்டி வந்தது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தைத் தருகிறது. விரும்பிய மதத்தை ஏற்கும் சுதந்திரமும் அதில் அடக்கம். 14ஆம் உறுப்புரை, தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வழிபட இடம் தருகிறது. பௌத்தத்துக்கு முதன்மையிடம் கொடுக்கும் 9ஆம் உறுப்புரையே, இந்த உரிமைகள் எல்லா மதங்களுக்கும் உண்டு என்று அதே வாக்கியத்தில் உறுதி சொல்கிறது. பதிவு கேட்பவர்கள் பெரும்பாலும் காட்டுவது 2008ஆம் ஆண்டுச் சுற்றுநிருபத்தை. அது புதிய வழிபாட்டுத் தலங்கள் அமைக்க அனுமதி பெறுவது பற்றியது. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அல்ல. உங்கள் வீட்டுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணி ஒருவர் கடிதமாக எழுதித் தரட்டும். அந்தக் கடிதத்தின் பிரதியை வீட்டுக்காரரிடமும் கொடுங்கள். உங்களைவிட அவருக்குத்தான் அது இப்போது அதிகம் தேவை.

மறுபக்கத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2003இல் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சட்டப்படி ஒரு நிறுவனமாக்கும் கூட்டிணைப்புச் சட்டமூலம் பற்றி உயர் நீதிமன்றம் தீர்மானம் சொன்னபோது, மதத்தைப் 'பரப்புவது' அடிப்படை உரிமையாக நம் அரசியலமைப்பில் சொல்லப்படவில்லை என்றது. அதனால் கேட்டில் நிற்கும் உங்கள் இருவரும் 'நாங்கள் வழிபடுகிறோம்' என்ற இடத்தில் உறுதியாக நிற்கட்டும். மேலே விவாதத்துக்கு இழுத்தாலும் போகவேண்டாம்.

அடுத்த முறை ஏதாவது நடந்தால் அன்றே பொலிஸில் முறைப்பாடு எழுதி, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மத வழிபாட்டுக் கூட்டத்தைக் குழப்புவது தண்டனைச் சட்டக்கோவையின் 291ஆம் பிரிவின்படி குற்றம். அங்கே, சமாதானமாகப் போவோம் என்று சொல்லி, 'இனி கூட மாட்டோம்' என்று ஒரு கடதாசியில் உங்களிடம் கையெழுத்துக் கேட்கக்கூடும். சட்டத்தரணி பார்க்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். அதிகாரி ஒருவரே உங்கள் வழிபாட்டைத் தடுத்தால், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. இதையெல்லாம் செய்தால் விசுவாசம் குறைந்தவர் என்று யாராவது சொன்னால், பிலிப்பியிலேயே பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகும்படி செய்ததை நினைவூட்டுங்கள். அவர் தன் கௌரவத்துக்காக மட்டும் அதைச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. லீதியாள் வீட்டில் இருந்த சின்னக் கூட்டம் அந்த ஊரிலேயே தொடர்ந்து வாழவேண்டியிருந்தது.

அப்புறம், அயல் வீடுகள். ஒரு விஷயத்தை நேராகக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஞாயிறு காலை ஒலிபெருக்கி எவ்வளவு சத்தம்? மோட்டார் சைக்கிள்களை யாருடைய கேட்டுக்கு முன்னால் விடுகிறீர்கள்? உலர் உணவுப் பொதி கொடுத்தபோது அதற்குள் கைப்பிரதியும் வைத்தீர்களா? இவற்றில் ஏதாவது உண்மையென்றால் அதைத் திருத்துங்கள், திருத்திவிட்டோம் என்று அயலவருக்குப் போய்ச் சொல்லவும் செய்யுங்கள். விசுவாசத்துக்காக வரும் எதிர்ப்பையும் ஒலிபெருக்கிக்காக வரும் எதிர்ப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், முதலாவதைத் தாங்கும் பலமும் போய்விடும். வந்த பிக்குவையும் போய்ச் சந்திக்கப் பாருங்கள். நேரே போகாமல், விகாரையின் தாயக சபையில் (உபயகாரர் சங்கத்தில்) இருக்கும் ஒரு அயலவரைக் கேட்டு, அவர் அழைத்துப் போகும்படி. உங்கள் சிங்களக் குடும்பங்களில் ஒன்றுக்கு அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். எல்லாச் சந்திப்பும் நல்லபடி முடியும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் ஒருமுறை பெயரோடும் முகத்தோடும் தெரிந்தவர்களுக்கு எதிராகச் சத்தம் போடுவது கொஞ்சம் கடினம்.

பங்கு ஃபாதர் சொன்னது உங்களைப் புண்படுத்தியிருக்கும். என்னையும் புண்படுத்தியது. ஆனால் நம் பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் பிரசங்க மேடையிலிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலைப் பற்றியும் மாதா சுரூபங்களைப் பற்றியும் என்னவெல்லாம் சொல்லப்பட்டிருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். நானும் இளமையில் சொல்லியிருக்கிறேன். சொன்னவை தெருவைத் தாண்டி அவர் காதுக்கும் போயிருக்கும்.

நாம் புரட்டஸ்தாந்துக்காரர் இந்தக் கொழும்பு நகரத்தின் வரலாற்றை முழுதாகச் சொல்வதில்லை. ஒல்லாந்தர் காலத்தில் இங்கே கத்தோலிக்க வழிபாடு தடை, குருமாருக்கு இடம் கொடுப்பதே குற்றம். வீடுகளில் ஒளிந்து ஜெபித்தவர்கள் அவர்கள். தடை போட்டவர்கள் நம்மைப்போல் வேதம் வாசித்த புரட்டஸ்தாந்துக்காரர். 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் ஏழை வேடத்தில்தான் யாழ்ப்பாணத்துக்கு வர முடிந்தது. பிறகு அவர் கண்டிக்குப் போனார். முதலில் உளவாளி என்று சிறையில் போட்டார்கள். கடைசியில் அவருக்கு ஊழியம் செய்ய இடம் கொடுத்தது யார்? பௌத்த அரசனான இரண்டாம் விமலதர்மசூரியன். கிறிஸ்தவன் துரத்திய கிறிஸ்தவனுக்கு விகாரைகளின் காவலன் நிழல் கொடுத்தான். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்த அன்று இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்த வுல்ஃபெண்டால் தேவாலயத்திலிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு நடந்தே போய்விடலாம். அந்தத் தூரத்தைக் கடக்க நமக்கு எத்தனை நூற்றாண்டு எடுத்தது!

2019 ஏப்ரல் 21 காலை கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் கத்தோலிக்கர் செத்தார்கள். மட்டக்களப்பு சீயோன் சபையில் உங்களைப் போன்ற சுயாதீன சபை மக்கள், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளோடு செத்தார்கள். குண்டு கொண்டு வந்தவன் எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு சில வாரங்கள் நாங்கள் எல்லோரும் ஒருவர் வீட்டுத் துக்கத்தில் ஒருவர் இருந்தோம். அந்த நெருக்கம் பிறகு எங்கே போனது என்று இன்னும் எனக்கு வேதனை.

அதனால் ஃபாதரிடம் இன்னொரு முறை போங்கள். உபதேசத்தில் ஒத்துப்போகும்படி கேட்கவேண்டாம். நாங்கள் உங்களைப் பற்றிச் சொன்னவற்றுக்கு வருந்துகிறோம் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு சின்னதாக ஒன்று கேளுங்கள்: பொலிஸுக்குப் போகும்போது ஒருவர் கூட வரமுடியுமா? வீட்டுக்காரர் கைவிட்டால் ஒரு மாதத்துக்குப் பங்கு மண்டபத்தில் இடம் தரமுடியுமா? பெரிய கிறிஸ்தவ ஐக்கியம் பேசிப் பேசியே இந்த நாட்டில் பலமுறை கைநழுவிப் போயிருக்கிறது. மண்டபத்துச் சாவி ஒன்றைக் கேட்பது அதைவிடச் சுலபம். அவர் மறுத்தால் அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளைக் கேளுங்கள். சுவிசேஷ சபைகளின் தேசியக் கூட்டமைப்புக்கும் எழுதுங்கள். இப்படிப்பட்ட சம்பவங்களைப் பதிவு செய்வதும் சட்ட உதவிக்கு வழிகாட்டுவதும் அவர்கள் நெடுங்காலமாகச் செய்யும் வேலை.

கடைசியாக என் சொந்தக் கதை ஒன்று. 2003, 2004இல் சபைகள்மேல் தாக்குதல் கூடியிருந்த காலம். கொழும்புக்கு வெளியே ஒரு சின்னப் பட்டினத்தில் ஊழியத்தில் இருந்தேன். எங்களிலிருந்து சில தெரு தள்ளி ஒரு சுயாதீன சபையின் கூரையை ஒரு இரவில் உடைத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு நான் என் கேட்டைப் பூட்டி வைத்து ஆராதனை நடத்தினேன். 'அவர்கள் வேறு, நாங்கள் வேறு' என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தப் போதகரைப் போய்ப் பார்க்கவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து எங்கள் வாசலுக்கும் ஆட்கள் வந்தார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு பாதி வாங்குகள் காலி. முதல் பாட்டு நடக்கும்போது அந்தப் போதகர் தன் சபையார் இருவரோடு உள்ளே வந்து, கடைசி வாங்கில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. ஆராதனை முடிந்ததும் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள், அதற்கடுத்த வாரமும். எங்கள் சனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வரும்வரை வந்தார்கள். அன்று அவர்களைப் பார்த்துக்கொண்டு நான் என்ன பிரசங்கம் செய்தேன் என்பது எனக்கு நினைவில்லை.

உங்கள் கடிதத்தில் எல்லாம் எழுதிவிட்டு, ஆராதனை எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதவில்லை. அதையும் வீட்டுக்கு வழியையும் எழுதி அனுப்புங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வத்தளைக்கு வருவது பெரிய பயணம் அல்ல. இன்னும் இரண்டு மூன்று சபை நண்பர்களைக் கேட்டிருக்கிறேன். கடைசி வரிசையில் நான்கு கதிரை போட்டு வையுங்கள்.